எங்கள் மலைப்பள்ளிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தினர். வாசிப்பில் பின்தங்கிய பள்ளி என்ற பெயர் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. அது மாறத் தொடங்கியிருக்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதலில், உத்தமசோழபுரம் ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்களுக்கு. தலைமையாசிரியர் பயிற்சி என்றதும் பதிவேடு, எமிஸ் என்னும் கல்வித்துறை இணையப் பதிவு, நிதிக் கணக்கு என்றுதான் எதிர்பார்த்து வந்தோம். நீங்களோ, "மூன்றாம் வகுப்பில் இன்னும் வாசிக்கத் திணறுவது யார் யார்? பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறோம். தொடக்க நிலையான அரும்பிலேயே நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் தலைமையாசிரியரே உட்கார்ந்து வாசிக்கக் கேட்க வேண்டும் என்பதை உங்களிடம்தான் கற்றேன்.

பயிற்சிக்குப் பிறகும் மாதந்தோறும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவுக்கு என்ன சொல்வது! வகுப்பின் கடைசி வரிசையில் என்னோடு அமர்ந்து பார்ப்பார். அப்புறம் ஆசிரியரிடம் குறை எதுவும் சொல்லாமல், "பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஆசிரியர்களின் பயம் போய்விட்டது. பயிற்சி பெறும் ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் இப்படி ஒருவர் துணை வேண்டும் என்று மனதார நம்புகிறேன். பயிற்சி அரங்கில் கேட்டது பள்ளிக்குள் வந்து சேர்ந்தது அவரால்தான்.

வகுப்பறைக் கதவைத் தயங்காமல் திறந்துவிட்ட என் சக ஆசிரியர்களுக்கும் நன்றி.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாக்கள் எஸ்டேட்டுக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். எங்கள் குழுவின் அம்மாக்கள் அந்த இடத்தை முழுதாகப் பயன்படுத்தினார்கள். வீடு வீடாகப் பேசி, பாட்டிமார்களிடம் கைக்குழந்தைகளை ஒப்படைக்க ஏற்பாடு செய்தார்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் யாரும் தோட்டத்துக்கு வரக் கூடாது என்று கறாராகச் சொன்ன மேஸ்திரி அண்ணனுக்குத் தனி நன்றி.

அடுத்த பறிப்புக்கு முன் குழுக் கூட்டம் மாலையில் நடக்கும். அண்ணன் அவசியம் வர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்