தம்பிக்கு, போட்டிக்குப் படம் அனுப்புவது பற்றி

மண்டபம்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் அத்தை வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. அங்கே சிங்கப்பூரில் உன் போட்டோ கிளப்பின் மாதப் போட்டியில் நீ எடுத்த வலைத் தாத்தா படத்துக்கு மூன்று நடுவர்களும் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள், பாம்பன் பாலத்துப் படத்தைப் பார்த்து ஒருவர் "நல்ல படம்தான், ஆனால் இதை நிறையப் பார்த்தாச்சு" என்றுவிட்டார், அதனால் இனி போட்டிப் பக்கமே போவதில்லை என்கிறாய். போ. அனுப்பு. ஏன் சொல்கிறேன் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த வலைத் தாத்தா. நீ மெயிலில் அனுப்பியதை கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்தது என்று பார்த்த உடனே தெரிகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் போகாது, பின்னால் படகெல்லாம் வரிசையாக நிற்கிறது, இவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிசலைப் பார்க்கிறார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார், நைலான் நூல் அழுந்தி அந்த விரலில் தோல் வெளுத்திருக்கிறது, வலது கையில் ஊசி கண்ணிக்குள் பாதி நுழைந்து நிற்கிறது. படத்துக்கு உயிரே அந்த விரலும் அந்த ஊசியும்தான். ஆனால் அவர் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது பார், வெயில் விழுந்து பளீரென்று. உனக்கும் எனக்கும் அவரைத் தெரியும், அவர் பேரன் உன்னோடு படித்தவன், அதனால் நம் கண் நேராக அவரிடம் போய்விடுகிறது. சிங்கப்பூரில் இருக்கிற நடுவருக்கு அவர் யாரோ. நடுவர் கண் அந்த நாற்காலியில்தான் முதலில் விழும், அங்கிருந்து விரலுக்கு இறங்கி வருவதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

எனக்குப் போட்டி பிடித்ததே இதற்காகத்தான் தம்பி. வீட்டில் ஒரு படத்தைக் காட்டும்போது நாம் பக்கத்தில் நின்று கதை சொல்லிவிடுகிறோம், இவர் இன்னார், அன்றைக்கு இப்படிக் காற்று, விடியற்காலை எழுந்து போனேன் என்று, கேட்கிறவர்களும் நம்மேல் உள்ள பிரியத்தில் சூப்பர் என்கிறார்கள். கிளப்பில் பெயரை மறைத்துத் திரையில் போடுவார்கள், சில விநாடிதான், நடுவர் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டார், நீயும் எழுந்து நின்று விளக்க முடியாது. நம்மைப் போன்ற அமெச்சூருக்கு இது வேறு எங்கே கிடைக்கும் சொல். ஸ்டுடியோக்காரருக்கு வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், பத்திரிகைக்காரருக்கு மேலே ஆசிரியர் இருக்கிறார். நமக்குச் சம்பளமும் கிடையாது, திட்டுவதற்கு ஆளும் கிடையாது. முன்பின் தெரியாத மூன்று பேர் நம் படத்தை முழுக் கவனத்தோடு பார்ப்பது பெரிய விஷயம்.

அதனால் மார்க் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, நடுவர் கண் எங்கே போனது என்று கவனி. படம் அனுப்பாத மாதமும் போய் உட்கார், மற்றவர்கள் படத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேள், அதில்தான் நிறையக் கற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் அப்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாது. எங்கள் கிளப்பில் பிரிண்ட் போட்டி நடக்கும் நாளில் நான் பக்கவாட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு படத்தைப் பார்க்காமல் நடுவர் முகத்தைப் பார்ப்பேன். விளக்கு வெளிச்சத்தில் பிரிண்டை நிறுத்தியதும் சிலர் உடனே மார்க் போட்டுவிடுவார்கள், சில படத்துக்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிட்டே போவார்கள். அந்தப் பேனாவைக் கீழே வைக்கிற படம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொண்டே வந்தால் போதும், எந்த வகுப்பும் தேவையில்லை. இன்னொன்று, நடுவருக்கு நடுவர் ருசி மாறும். ஓர் ஊரில் தள்ளிய படத்தை இன்னோர் ஊரில் சுவரில் மாட்டுவார்கள். ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள், மூன்று இடத்தில் மூன்று பேர் ஒரே மூலையைக் காட்டினால் அந்த மூலையைச் சரிசெய்.

நம் ஊர்ப்பக்கம் இதெல்லாம் நேற்று வந்ததில்லை தெரியுமா? 1855-இல் மதராஸில் நடந்த பெரிய கண்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி கர்நாடகத்து ஹளேபீடு, பேலூர் கோயில் படங்களை வைத்து முதல் வகுப்புப் பதக்கம் வாங்கினார். பிறகு அவரே 1858-இல் மதுரை மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார், காகித நெகட்டிவில். மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1857-இல் தொடங்கியது, இன்றைக்கும் இருக்கிறது. வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஆசைக்குப் படம் எடுத்து, நாலு பேர் முன்னால் வைத்துப் பேசுகிற பழக்கம் இந்த மண்ணில் அவ்வளவு பழையது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

சரி, பாலத்துக்கு வருகிறேன். அந்த நடுவர் சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை. ரோட்டுப் பாலத்து நடைபாதையில் நின்று, வளைந்து வரும் ரயிலை எடுக்காதவர் யார்? 1914-லிருந்து இருந்த பழைய பாலத்தை அப்படித்தான் எடுத்தார்கள், 2025 ஏப்ரலில் புதுத் தூக்குப்பாலம் திறந்தபிறகும் அதே இடத்தில் நின்று அதே மாதிரிதான் எடுக்கிறார்கள். நீ இந்தத் தண்ணீரில் நீந்திய பிள்ளை. பாலத்துக்கு அடியில் வல்லத்தில் போகும்போது மேலே ரயில் போனால் என்ன சத்தம், என்ன நிழல் என்று உனக்குத் தெரியும், சுற்றுலா வந்து போகிறவருக்குத் தெரியாது. ஊருக்கு வரும்வரை அங்கேயே உனக்கு என்ன இருக்கிறதோ அதை எடு. உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகள் இரவு வேலை முடிந்து வந்து ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைப்பதைச் சொன்னாயே, அதை நீ இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

இயற்கைப் பிரிவுக்கு அனுப்பினால் விதியை ஒரு வரி விடாமல் படி. 2014-இல் ஃபியாப் என்கிற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, அமெரிக்க போட்டோகிராஃபிக் சொசைட்டி, இங்கிலாந்து ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து ஒரே வரையறை கொண்டுவந்தார்கள். ஓரத்தை வெட்டலாம், ஒளியை ஏற்றி இறக்கலாம், தூசியைத் துடைக்கலாம். எதையும் சேர்க்கவோ அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது. மனிதர் செய்த பொருள், அந்த இயற்கைக் கதைக்கே தேவையாக இருந்தாலொழிய, படத்தில் இருக்கக் கூடாது. கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கியிருக்கும் தண்ணீரில் பூநாரைக் கூட்டம் இறங்கும்போது எடுத்தேனே ஒரு படம், அதில் வலை கட்ட ஊன்றிய கம்பு ஒன்று நட்டநடுவில் வந்துவிட்டது. கிளப்பில் ஒருவர் "அதை அழித்துவிட்டு அனுப்புங்க டீச்சர், யாருக்குத் தெரியும்" என்றார். நான் கம்போடு கலர் பிரிவுக்கு அனுப்பினேன். அந்தத் தண்ணீரில் பறவையும் உண்டு, மீன்பிடிக்கிறவரும் உண்டு, கம்பை எடுத்துவிட்டால் அது வேறு ஏதோ ஊர்.

விதியை மீறியதாகச் சொல்லிப் பரிசைப் பறிப்பது பெரிய இடங்களிலேயே நடந்திருக்கிறது. லண்டனில் நடத்தும் உலக வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009-இல் வேலிக்கதவைத் தாண்டும் ஓநாய்ப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து அடுத்த ஜனவரியில் பறித்துக்கொண்டார்கள், எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அதே போட்டியில் 2017-இல் பரிசு வாங்கிய எறும்புண்ணிப் படம், செத்த விலங்கைப் பாடம் செய்த பொம்மை என்று 2018-இல் நீக்கப்பட்டது.

நம் கரையிலும் ஒன்று நடக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியூரிலிருந்து கூட்டமாக வருகிறார்கள், வீச்சுவலைக்காரர் ஒருவருக்குப் பணம் கொடுத்துச் சூரியன் வரும் திசையில் நிற்க வைத்து, வலை வட்டமாக விரியும்வரை திரும்பத் திரும்ப வீசச் சொல்கிறார்கள், அந்த இடத்தில் மீனே கிடையாது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இன்னொரு தடவை அண்ணே என்கிறார்கள். பிறகு அந்தப் படம் மீனவர் வாழ்க்கை என்ற தலைப்பில் போகிறது. பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பணம் கொடுத்தது தப்பென்று சொல்லவில்லை, அவருக்கும் அது வருமானம்தான், ஆனால் அதை வாழ்க்கை என்று சொல்லி நடுவர் முன்னால் வைக்கக் கூடாது. நீ அப்படி ஒரு படம் எடுத்துக் கோப்பையோடு வந்தால் அம்மா வாங்கி அலமாரியில் வைக்கமாட்டேன். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களை நான் எடுப்பதற்கு முன்னால் பலநாள் கரையில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் பழைய துணியைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார்கள், அது அவ்வளவு வேகமாக நடக்கும். அந்த முடிச்சைத்தான் எடுத்தேன். பிரிண்ட் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, போட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்ட பிறகுதான் அனுப்பினேன். வலைத் தாத்தாவிடம் நீ கேட்டாயா? கேட்காவிட்டால் சொல், நான் போய்க் கேட்டுவருகிறேன்.

கட்டணம் கட்டுகிற சர்வதேச சலோன்களுக்கு, அதாவது பெரிய புகைப்படப் போட்டிகளுக்கு, இப்போதைக்கு அவசரப்படாதே. ஒவ்வொரு பிரிவுக்கும் பணம், பட்டம் வேண்டும் என்று ஆரம்பித்தால் எத்தனை படம் ஏற்கப்பட்டது என்று எண்ணிக்கை சேர்ப்பதே வேலையாகிவிடும். கிளப்பின் மாதப் போட்டியில் ஒரு வருஷம் ஓடு, அது போதும்.

அந்தத் தாத்தாவை அன்றைக்கு நீ ஒரே ஒரு படத்தோடு விட்டிருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். மீதிப் படங்களையும் அனுப்பு, வாட்ஸ்அப்பில் வேண்டாம், சுருங்கிவிடும், மெயிலில் முழு அளவில் அனுப்பு. ஒன்றிலாவது நீ ஓரடி இடது பக்கம் நகர்ந்து நாற்காலி அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் மேல்பக்கம் வெட்டி, கையும் காலும் மட்டும் வருகிற மாதிரி கருப்பு வெள்ளையில் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த போட்டிக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று எழுது. அப்பா கண் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார், நீ அனுப்பிய சட்டை அளவு சரியாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா