ஒரு டன் கல், ஒரு டப்பா குப்பை

பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள தாமஸ்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் நகரத்பேட்டைச் சந்தில் இருக்கும் நம் நகை ஆசாரி. வருடக்கணக்காகச் சேர்த்த, தங்கத்தூள் கலந்த பட்டறைக் குப்பையை ஒரு கடைக்காரர் மண் விலைக்குக் கேட்டாராம். "நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, நாமே உருக்கிப் பார்ப்போமா?" என்றார். அவருடைய பழைய துருத்தி எப்போதோ போய்விட்டது.

சரி என்று இறங்கினேன். காலி பெயின்ட் டின், உள்ளே சூடு தாங்கும் செராமிக் கம்பளி, தேங்காய்ச் சிரட்டைக் கரி, காற்றுக்கு என் மனைவியின் ஹேர் டிரையர். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். ஊதாமல் விட்டால் கரி அங்கே போகாது; ஊதினால் தாண்டிவிடும். டிரையரை நேராக வைத்ததில் அதன் வாய் இளகிவிட்டது. இரண்டடி இரும்புக் குழாயை நடுவில் வைத்ததும் சரியானது.

குப்பையை முதலில் எரித்துச் சாம்பலாக்கினோம். அரத்தூளின் இரும்பைக் காந்தத்தால் எடுத்தோம். மிஞ்சிய சாம்பல் அரைக் கிலோகூடத் தேறவில்லை. அதை வெண்காரத்தோடு, உருக்கும் கிண்ணமான மூசையில் போட்டோம். தாமஸ், நெருப்புதான் கடினம் என்று நினைத்திருந்தேன். இல்லை, கசடுதான் கடினம். வெண்காரம் உருகி, மற்ற உலோகங்களின் ஆக்சைடையும் மண்ணையும் கரைத்துக் கண்ணாடியாக்கும், தங்கத்தைத் தொடாது. ஆனால் அந்தக் கண்ணாடி முற்றிய பாகு மாதிரி இருந்தால், தண்ணீரைப் போல 19 மடங்கு கனமான தங்கம்கூட, கடுகை விடச் சிறிய மணியாக இருக்கும்போது, அடிக்கு இறங்காமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. முதல் தடவை கிடைத்தது கறுப்புக் கண்ணாடி மட்டும். உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் புள்ளிகள்.

இரண்டாம் தடவை சலவைச் சோடா சேர்த்துப் பாகை இளக்கினோம். அப்புறம் ஆசாரி 12 கிராம் வெள்ளியைப் போட்டார். அந்த யோசனை முழுக்க அவருடையது. வெள்ளி 962 டிகிரியிலேயே உருகி, சிதறிக் கிடக்கும் தங்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் ஒரே பொத்தானாக உட்காரும். ஈயமும் இந்த வேலையைச் செய்யும். அந்தப் புகை வேண்டாம் என்று இருவருமே ஒத்துக்கொண்டோம். இன்னொரு லாபமும் உண்டு. தங்கம் ஒரு பங்கு, வெள்ளி மூன்று பங்கு என்று இருந்தால்தான் நைட்ரிக் அமிலம் உள்ளே புகுந்து வெள்ளி முழுவதையும் கரைக்கும். தங்கம் அதிகமானால் அது வெள்ளியை மூடிக் காப்பாற்றிவிடும். குப்பையில் நாலு கிராம் தங்கம் இருக்கும் என்று கண்ணாலேயே கணித்து அந்த 12 கிராமைப் போட்டிருக்கிறார்!

அமில வேலை மட்டும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், புகைக் கூண்டுக்குள். அந்தச் செம்பழுப்புப் புகை நுரையீரலுக்கு ஆகாது. மிஞ்சியது காப்பித்தூள் போல ஒரு பழுப்புப் பொடி. ஆசாரியின் முகம் வாடிவிட்டது. கழுவி, உலர்த்தி, துளி வெண்காரத்தோடு மறுபடி உருக்கியதும் மஞ்சளாக உருண்டு வந்தது. 3.6 கிராம். அமிலத்தில் கரைந்த வெள்ளியைச் செப்புத் தகடு போட்டு மீட்டுவிட்டோம்.

அந்த உருண்டையைக் கையில் வைத்தபோது நம் அப்பாக்கள் நினைவுக்கு வந்தார்கள். 2001இல் நம் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சுமார் 3 கிராம்தான் கிடைத்தது. அதாவது இந்த உருண்டைக்காகச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், அந்தச் சூட்டில், ஒரு டன்னுக்கும் மேல் கல்லை உடைத்து மேலே அனுப்பியிருப்பார்கள். நாம் சறுக்கி விளையாடிய சயனைடு மேடெல்லாம், சயனைடால் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய அந்தக் கல்லின் மிச்சம்தானே. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அடுத்த ஞாயிறு மாரிக்குப்பம் ரயிலில் வந்துவிடு. உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்குமே, அந்த வெள்ளைக் கல், அதையும் எடுத்து வா. உருக்க இல்லை. ஆசாரி இத்தனை வருடம் தங்கத்தோடு இருந்தும், அது கல்லுக்குள் இருப்பதைப் பார்த்ததே இல்லையாம்.

அன்புடன்,
செல்வம்