தென்னைக்குப் பருத்தி மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு

வணக்கம்.

இந்த மாதம் மட்டும் ஏழெட்டுப் பேர் கடைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "கோவில்பட்டிப் பக்கம் மச்சினன் பருத்தியில் வெள்ளை ஈக்கு அடித்தானாம், ஒரே வாரத்தில் போய்விட்டதாம், அதே டயாஃபென்தியூரான் மருந்தை நம்ம தென்னைக்கும் கொடுங்க." இல்லை என்று நாங்கள் சொன்னதும், சரக்கு இல்லாமல் சாக்குச் சொல்கிறோம் என்று சிலருக்குக் கோபம். அதனால்தான் இந்த மடல்.

மச்சினன் பொய் சொல்லவில்லை. அந்த மருந்து பருத்தியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? வயலைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்று சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஒதுக்கி, ஒவ்வொரு மருந்தையும் மூன்று நான்கு பாத்திகளில் அடிப்பார்கள், சிலவற்றில் மருந்தே அடிக்காமல் விட்டுவைப்பார்கள். அந்த வெறும் பாத்தி இல்லாவிட்டால் பூச்சி மருந்தால் செத்ததா, மழையில் போனதா என்று யாருக்கும் தெரியாது. அடிப்பதற்கு முந்தின நாள் ஒருமுறை எண்ணுவார்கள், அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று திரும்பத் திரும்ப. செடிக்கு மூன்று இலை, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. வெள்ளை ஈ என்றால் விடியற்காலையிலேயே போய் இலையை அலுங்காமல் திருப்பிப் பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் பறந்துவிடும். கூடவே பொறிவண்டு, சிலந்தி எத்தனை மிஞ்சின, இலை கருகியதா, பஞ்சு எத்தனை கிலோ என்பதையும் குறிப்பார்கள்.

இத்தனையும் இடுப்பளவுப் பருத்திச் செடியில், பருத்தி வெள்ளை ஈக்கு. நம் தென்னை விளையில் இருப்பது வேறு பூச்சி, சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. நாற்பதடி மரத்தில் ஓலையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கிறதற்கு, கீழே நின்று அடித்தால் பாதி மருந்து நம் தலையில்தான் விழும்.

இந்தப் பூச்சி வந்த புதிதில் நாங்களும் விவரம் தெரியாமல் மருந்து கொடுத்திருக்கிறோம். ஈத்தாமொழிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் ஆள் வைத்து இரண்டு முறை அடித்தார், கூலியும் போனது, கொஞ்ச நாளில் ஈ முன்னைவிட அதிகமாக வந்தது. அவர் ஓர் ஓலைத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெள்ளை மெழுகுச் சுருளுக்கு நடுவே கறுத்த கூடுகள், சிலவற்றில் ஊசி குத்தின மாதிரி வட்ட ஓட்டை. என்கார்சியா என்ற குளவி இட்ட முட்டை பொரித்து, ஈயின் குஞ்சைத் தின்று வெளியேறிய வழி அது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவி. நாங்கள் விற்ற மருந்து அதையும் சேர்த்துத்தான் கொன்றிருக்கிறது.

ஆகவே தென்னைக்கு இப்போது நாங்கள் கொடுப்பது ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் பாலித்தீன் தாளும், அதில் தடவ விளக்கெண்ணெயும்தான். இளமரமாக இருந்தால் ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஓலையில் கரும்பூசணம் படர்ந்திருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய கஞ்சியைத் தெளியுங்கள், காய்ந்து உரிந்து வரும். மைதா எங்களிடம் இல்லை, பலசரக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கத்தரி, ஏத்தன் வாழை என்று எந்தப் பயிருக்கு எந்த மருந்து கேட்டாலும் இதே விதிதான். டப்பா லேபிளில் உங்கள் பயிர் பெயர் இல்லை என்றால் தர மாட்டோம், கோபித்தாலும் சரி. வரும்போது ஓர் ஓலைத் துண்டை எடுத்து வாருங்கள். லென்ஸ் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது.