கர்ணம் எவ்வளவு?

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, காலையில் கோலம் போட மறுபடியும் வாசலுக்கு வந்துவிடுகிறார். ஒருவழியாக வீட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பழைய தமிழ்ப் புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பேரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பாட்டை அனுப்பி, இதை வைத்து வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டக் கயிறு கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். பெரிய பக்கத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது செவ்வகத்தில் மூலைக்கு மூலை உள்ள குறுக்கு நீளம், வந்துவிடும், வர்க்கமூலமே வேண்டாம் என்பது அதன் கணக்கு. 3, 4 போட்டுப் பார்: மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. 5, 12 போட்டால் பத்தரையும் இரண்டரையும் 13. இரண்டும் மிகச் சரி. யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

ஆனால் உன் வீடு 33-க்கு 40. பாட்டின்படி 35-உம் 16½-உம் சேர்ந்து 51½ அடி வருகிறது. உண்மையான கர்ணம், 33-இன் வர்க்கமும் 40-இன் வர்க்கமும் சேர்ந்த 2689-இன் வர்க்கமூலம், 51 அடி 10¼ அங்குலம். நாலு அங்குலத்துக்கு மேல் குறைகிறது! பக்கங்களைச் சரியாக வைத்துக்கொண்டு கர்ணத்தை மட்டும் 51½-க்கு இழுத்துக் கட்டினால், 33 அடிச் சுவரின் நுனி ஐந்தரை அங்குலம் ஒதுங்கிவிடும். அப்புறம் டைல்ஸ் ஒட்டும்போதுதான் தெரியும், ஒவ்வொரு வரிசையிலும் கோணலாக ஒரு வெட்டுத்துண்டு.

பாட்டு சொல்வது நல்ல மதிப்பீடு, சூத்திரம் அல்ல. சின்னப் பக்கம் பெரிய பக்கத்தில் பன்னிரண்டில் ஐந்து பங்குக்கும் முக்காலுக்கும் நடுவில் இருக்கிறவரை ஒரு சதவீதம்கூடப் பிசகாது. அந்த எல்லையைத் தாண்டினால் குறைத்துக் காட்டும். 20 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள திண்ணைக்கு 18½ அடி என்கிறது. மூலைக்கு மூலை அளந்தால் நீளத்தைவிடக் குறையுமா?

அதற்காக 51½-ஐத் தூக்கி எறிய வேண்டாம். தோராயமான எண் ஒன்று கையில் இருந்தாலே போதும், சரியான விடைக்கு அதுவே வழிகாட்டும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 2689-ஐ 51.5-ஆல் வகு, 52.2136 வரும். இரண்டையும் பெருக்கினால் 2689 என்பதால், ஒன்று வர்க்கமூலத்துக்குக் கீழே இருந்தால் மற்றது மேலேதான் இருந்தாக வேண்டும். விடை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சராசரி எடு: 51.8568. உண்மையான விடை 51.8556. கொத்தனார் டேப்பில் ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் தெரியாது. போதாது என்றால் 51.8568-ஆல் மறுபடி வகுத்துச் சராசரி எடுக்கலாம். கிடைத்த எண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது பார்! பாட்டில் இல்லாதது அதுதான்.

இது பழைய வழி. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் ஹீரோன் முதல் நூற்றாண்டில் 720-க்கு இப்படித்தான் செய்தார்: 27-இல் தொடங்கி, 26⅔ வந்து, சராசரி 26⅚. அதன் வர்க்கம் 720-ஐவிட முப்பத்தாறில் ஒரு பங்குதான் அதிகம். நம் நாட்டில் வேள்விக் குண்டங்களுக்கு அளவு சொன்ன சுல்ப சூத்திரங்கள் 2-இன் வர்க்கமூலத்தை 577/408 என்று தருகின்றன. அவர்கள் எந்த வழியில் அதை அடைந்தார்களோ, நீ ஒன்றரையில் தொடங்கி இரண்டு முறை சராசரி எடுத்தால் முதலில் 17/12, அடுத்து அதே 577/408. முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

உன் சின்னவனுக்குப் பள்ளியில் இது வருகிறது என்றாயே, அவனுக்கு மனக்கணக்காக ஒன்று. 30-இன் வர்க்கமூலம். 25-ஐவிட 5 அதிகம், அந்த 5-ஐ 5-இன் இரட்டிப்பான 10-ஆல் வகுத்து, வந்ததை 5-உடன் சேர்த்தால் 5.5, கொஞ்சம் கூடுதல். 25-க்கும் 36-க்கும் உள்ள இடைவெளியான 11-ஆல் வகுத்து அதேபோல் சேர்த்தால் 5.4545, கொஞ்சம் குறைவு. நடுவில் 5.477 கிடைக்கும். கால்குலேட்டரும் 5.477 என்றுதான் காட்டும். 50-க்கு அவனையே போடச் சொல். 7-உம் பதினாலில் ஒன்றும் வந்தால் பாதி வேலை முடிந்தது.

மேஸ்திரியிடம் 51 அடி 10¼ அங்குலம் என்று எழுதிக் கொடுத்துவிடு. எதிரெதிர்ச் சுவர்களின் நீளம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தபின், இரண்டு கர்ணங்களையும் அளக்கச் சொல். இரண்டும் ஒன்றானால் நாலு மூலையும் செங்கோணம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டட்டும், கான்கிரீட் போட்டபின் முடியாது.

நிலை வைக்கிற தேதி முடிவானதும் எழுது, நானும் அம்மாவும் வருகிறோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்