மாலதிக்கு ஒரு கடிதம்: பீப்பாய் பீரும் அதன் புளிப்பும்

அன்புள்ள மாலதி,

அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்சம் தெம்பு வந்ததும் மாடிப்படி ஏறுகிறேன் என்று கிளம்பிவிடுவார், பக்கத்திலேயே இரு. இங்கே தென்னாப்பிரிக்காவில், பார்ல் பக்கம் திராட்சை அறுவடை முடிந்துவிட்டது. ஒயின் ஆய்வகத்தில் இரவு பகலாக ஓடிய வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது, அதனால்தான் உன் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுத முடிகிறது.

பெங்களூரில் மாம்பழ சவர் பீர், அதாவது புளிப்பு பீர், குடித்ததாகவும், எலுமிச்சைச் சாற்றில் சோடா ஊற்றிய மாதிரி இருந்ததாகவும், இதற்கா இத்தனை பேர் உருகுகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். நீ குடித்தது அநேகமாக கெட்டில் சவர். முளைகட்டிய தானியமான மால்ட்டின் சாற்றைக் கொதிகலனிலேயே 35, 40 டிகிரி சூட்டில் வைத்து, லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை விட்டு, ஓரிரு நாளில் புளிக்கவைப்பார்கள். பிறகு கொதிக்கவிட்டு அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு வழக்கமான ஈஸ்டைப் போட்டு முடிப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, வெயிலுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் புளிப்பு வரும், போகும், அதற்குப் பின்னால் ஒன்றும் வராது. பழத்தைக் கொட்டுவதே அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் என்பது என் எண்ணம்.

பீப்பாயில் கிடந்த பீர் வேறு உலகம் மாலதி. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்யும் லாம்பிக் என்ற பீரை எடுத்துக்கொள். முளைகட்டாத கோதுமை 30, 40 சதவீதம் சேர்த்து எடுத்த சாறு. கசப்பு இறங்கிப்போய், கெடாமல் காக்கிற குணம் மட்டும் மிஞ்சிய பழைய ஹாப்ஸ் பூக்கள். கொதித்த சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி இரவெல்லாம் திறந்தபடியே ஆறவிடுகிறார்கள், அதுவும் குளிர் மாதங்களில் மட்டும். ஈஸ்ட் என்று யாரும் எதையும் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாய் மரத்திலும் இருப்பவை தாமாக வந்து சேர்கின்றன. ஒரு சமூகம் இடம் காலி செய்ய இன்னொன்று வந்து குடியேறும் என்று பாடத்தில் படித்தோமே, அது அந்த ஓக் பீப்பாய்க்குள் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று நடக்கிறது. முதலில் எண்டரோபாக்டீரியா, அப்புறம் சாதாரண ஈஸ்டான சாக்கரோமைசிஸ், அது ஓய்ந்ததும் பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இந்தப் பெடியோகாக்கஸ் புளிப்பைத் தரும்போதே பீரை எண்ணெய் மாதிரி கொழகொழவென்று ஆக்கிவிடும், வெண்ணெய் வாடையும் வரும். அந்த நேரத்தில் ருசி பார்த்தால் யாரும் கொட்டிவிடத்தான் நினைப்பார்கள். பொறுத்திருந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் வந்து அந்தக் கொழகொழப்பையும் வெண்ணெய் வாடையையும் தீர்த்துவிடுகிறது. சாதாரண ஈஸ்ட் தொட முடியாத சர்க்கரைகளையும் அது விடுவதில்லை, அதனால்தான் கடைசியில் இனிப்பே இல்லாமல் அவ்வளவு வறட்சியாக முடிகிறது.

எங்கள் ஒயின் கிடங்கில் இந்தப் பிரெட்டனோமைசிஸை பிரெட் என்போம், அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் முகம் மாறும். சிவப்பு ஒயினில் அது புகுந்தால் 4-எத்தில்ஃபீனால் என்ற சேர்மம் வந்து குதிரை லாயம், பிளாஸ்திரி வாடை அடிக்கும். பீப்பாய் பீப்பாயாக மாதிரி எடுத்து அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ஆனால் 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நீல்ஸ் கிளாசன் இதே ஈஸ்டைப் பற்றி அறிவித்தபோது, நாள்பட வைத்த ஆங்கிலேய பீர்களின் தனிச்சுவைக்கே இதுதான் காரணம் என்று சொன்னார். நான் வருடக்கணக்காக எதிரியாகப் பார்த்த உயிரியை ஒருவர் சுவைக்காகவே கொண்டாடியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்துதான் இந்த பீர்களின் பக்கம் எனக்கு மனம் சாய்ந்தது.

போன மாதம் உடன் வேலை பார்ப்பவர் பிரஸ்ஸல்ஸிலிருந்து திரும்பும்போது 3 ஃபொன்டெய்னன் என்ற லாம்பிக் தயாரிப்பாளரின் அவ்டே கூஸ் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பதுதான் கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து நுரையைத் தருகிறது. சில்லென்று குடிக்காதே, 12 டிகிரி போதும். முதல் முகர்வில் ஈர வைக்கோலும் எலுமிச்சைத் தோலும் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை. வாயில் புளிப்பு கூர்மையாகத்தான் வந்தது, ஆனால் குத்தவில்லை, அது இறங்கியதும் லேசான கசப்பு, அதன்பின் ஓக்கின் துவர்ப்பு, பின்னும் ரொம்ப நேரம் திராட்சைத் தோலை மென்ற மாதிரி ஒரு சுவை நின்றது. ஒரு மிடறு முடிந்ததும் கை தானாக அடுத்ததற்குப் போகிறது. என்னைப் பொறுத்தவரை பரீட்சை அவ்வளவுதான்.

அதே மாலை உள்ளூர்ப் புளிப்பு பீர் ஒன்றையும் திறந்தோம், பெயர் வேண்டாம். மூடியைக் கழற்றியதுமே வினிகரும் நகப்பூச்சு வாடையும். பீப்பாயில் பீர் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பாமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன், காற்றுப் பட்டால் வினிகர் பாக்டீரியாவான அசெட்டோபாக்டர் சும்மா இருக்காது. தயிரில் வரும் லாக்டிக் புளிப்பு நாக்கில் உருண்டு போகும், வினிகரின் அசெட்டிக் புளிப்பு தொண்டையையும் மூக்கையும் எரிக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் உனக்குப் பாதி வேலை முடிந்தது. அந்த பாட்டிலுக்கு இணையத்தில் 5க்கு நாலரை கொடுத்து, அசல் புளிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எவ்வளவு புளிப்பு என்று மட்டும் அளந்தால் வினிகர்தான் ஜெயிக்கும். அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது, அதனோடு கூட வேறு என்ன வந்தது என்று கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் பார்த்துக்கொள். முகரும்போது ஒன்றும் தெரியாது, விழுங்கிப் பத்து விநாடி கழித்து எலிக்கூண்டு மாதிரி, ஊறிய பிஸ்கட் மாதிரி ஒரு சுவை எழும். பீரின் அமிலத்தில் அது அடங்கிக் கிடக்கும், எச்சில் பட்டு அமிலம் குறைந்ததும் வெளியே வரும். பாட்டிலில் அடைத்துக் கொஞ்ச நாளே ஆனவற்றில் இது வருவதுண்டு, சில மாதம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். அதனால் அவசரப்பட்டு கெட்டது என்று எழுதிவிடாதே.

இங்கே நல்லதும் கிடைக்கிறது. ஒயின் கிடங்குகள் கழித்துக்கட்டும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் ஸ்டெல்லன்போஷ், பார்ல், ஃபிரான்ஷ்ஹூக் பக்கமெல்லாம் கிடைக்கும், ஜார்ஜ் பக்கம் ஹாப்ஸ் விளைகிறது, கலிடன் பக்கம் பார்லி. எல்லாம் இதே மாகாணத்துக்குள். சிமோண்டியத்தில் இருக்கும் சோல் பாரல்காரர்கள் பீப்பாயில் காட்டு நொதிப்பு பீர் செய்கிறார்கள். நான் குடித்ததில் புளிப்பு அடக்கமாக இருந்தது, பச்சை ஆப்பிளும் கொஞ்சம் தேனும் தெரிந்தன. பெல்ஜியத்தை அப்படியே நகல் எடுக்காமல் இந்த மண்ணில் இருப்பதை நம்பிச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

இதை எழுதும்போது உம்கொம்போத்தி என்ற இந்த நாட்டுச் சோள பீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புளிப்பு பீர் என்றாலே ஐரோப்பா என்று பேசுகிறார்கள், இங்கே கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது எது? மக்காச்சோள மாவையும் முளைகட்டிய சோளத்தையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புளிக்கவிட்டு, கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, மறுபடி முளைச்சோளம் சேர்த்து நொதிக்கவிட்டு வடிக்கிறார்கள். லேசான இளஞ்சிவப்பு, கெட்டியாக இருக்கும், போதை குறைவு, நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடித்துவிட வேண்டும். முதலில் முன்னோர்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. டர்பனிலிருந்து வந்த தோழி ஒருத்தி வீட்டில் ஆடி மாதம் மாரியம்மனுக்கு மீலி மாவில், அதாவது மக்காச்சோள மாவில், புளித்த கூழ் காய்ச்சுகிறார்கள், அவள் பாட்டி ஜூலு அண்டை வீட்டாரின் பானையையும் தன் பானையையும் அருகருகே வைத்துப் பேசுவாராம்.

இந்த பீரை வைத்தே ஒரு அரசாங்கம் மக்களை ஆட்டிப்படைத்தது. டர்பன் இருக்கும் நேட்டாலில் 1908இல் வந்த சட்டத்தால் சோள பீர் விற்பனை டர்பன் நகராட்சியின் ஏகபோகமாயிற்று. வீட்டில் காய்ச்சி விற்ற பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள், நகராட்சி பீர் கூடத்தில் வந்த பணத்தில் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகம் நடந்தது. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெண்கள் திரண்டு அந்தக் கூடங்களுக்குள் புகுந்து ஆண்களை விரட்டியடித்தார்கள். காட்டு ஈஸ்ட், திறந்த நொதிப்பு என்று இன்று அழகான லேபிள் ஒட்டி விற்கிறவர்கள் அந்தப் பெண்களின் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம். ருசி பற்றி எழுதுகிறவர்களாவது எழுதலாம்.

சரி, மற்ற விஷயம். கவின் பத்தாவது முடிக்கப்போகிறான், ஆஃப்ரிகான்ஸில்தான் தடுமாறுகிறான். தமிழில் பேசினால் பதில் ஆங்கிலத்தில் வருகிறது, விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் நீச்சல் போட்டியில் ஜெயித்த படம் பார்த்தோம், அசத்திவிட்டாள் என்று சொல்.

நீ பிப்ரவரியில் வருவதாகச் சொன்னது உறுதிதானே? அறுவடைக் காலம், எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது, ஆனாலும் ஞாயிறு உனக்கு. சிமோண்டியம் போவோம், தோழியின் ஊர்க்காரர்கள் வீட்டில் உம்கொம்போத்தியும் ஏற்பாடு செய்கிறேன். அதற்குள் அந்த மாம்பழ பீரை இன்னொரு தடவை குடித்து, விழுங்கிய பிறகு நாக்கில் என்ன நிற்கிறது என்று மட்டும் எழுது. மதிப்பெண் வேண்டாம்.

அன்புடன்,
சுதா