எத்தனை உலை என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011-க்குப் பிறகு முதன்முறையாக நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. கைபேசிச் செயலியும் சாதிவாரி விவரமும் பேசப்படும் அளவுக்கு, குடும்பம் என்று எதை எண்ணப் போகிறோம் என்பது பேசப்படவில்லை. 1991-இலும் 2001-இலும் எங்கள் பகுதிக் கிராமங்களில் கணக்கெடுப்பாளராக அலைந்த பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சேர்ந்து வசித்து ஒரே சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பதே கணக்கெடுப்பின் வரையறை. கதவு எண்ணுக்கும் பட்டாவுக்கும் அதில் இடமில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கும் அதுதான். அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்களா என்று அறிய வேண்டுமானால், தனி உலை வைத்துவிட்டார்களா என்றுதான் விசாரிப்போம். நிலம் பாகம் பிரியாமல் தகப்பனார் பேரிலேயே கிடக்கும், கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வார்கள், வாசலும் மின் இணைப்பும் ஒன்றாகவே இருக்கும், உலை மட்டும் இரண்டாகியிருக்கும்.

2001 பிப்ரவரியில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எத்தனை குடும்பம் என்று கேட்டதற்கு, "ஒரே குடும்பந்தான் வாத்தியாரே" என்றார் மூத்தவர். பின்கட்டில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் தட்டி கட்டி இளையவர் மனைவி இன்னோர் அடுப்பு வைத்திருந்தார். இரண்டு என்று எழுதிவிட்டு எழுந்தபோதுதான், மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் மூன்று கல் கூட்டி, ஆழாக்கு அரிசி வேகும் அளவுள்ள அலுமினியச் சட்டியின் முன்னால் அவர்களுடைய தாயார் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் உப்பு. "ரெண்டு வீட்டுலயும் ஊத்தத்தான் செய்வாளுக. ஒருத்தி மொகத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம்னுதான்" என்றார். அதை மட்டும் எழுத வேண்டாம், ஊர் என்ன நினைக்கும் என்று மூத்தவர் தெரு முனை வரை கூடவே வந்தார். மூன்று குடும்பங்கள் என்றே எழுதினேன். மூன்றாவதன் தலைவர் அந்த அம்மாள், உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று.

அன்று மறைத்தது கௌரவத்துக்காக. இன்று மறைப்பதற்கு வேறு காரணமும் சேர்ந்துவிட்டது, அது குடும்ப அட்டை. 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்பதால், ஒரே அட்டையில் இருக்கும் மாமியாரும் மருமகளும் ஆளுக்கோர் உலை வைத்திருந்தாலும், மாதம் ஆயிரம் ரூபாய் ஒருவருக்கே கிடைக்கிறது. அதற்காக, சேர்ந்து பொங்கித் தின்பவர்கள் தனி அட்டை கேட்டு, விசாரணைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் முன்னறையில் ஓர் அடுப்பை ஏற்றிவைப்பதும் நடக்கிறது. (அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், சட்டமே அப்படித்தான் பேசுகிறது.) 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், சேர்ந்து வசித்துச் சேர்ந்து உண்ணும் உறவினர்கள் ‘அல்லது’ ஒரே குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு குடும்பம் என்றது. கொட்டகையில் தனியே பொங்கிய அந்தத் தாயாரும் இரண்டு மகன்களும் ஒரே அட்டையில் இருந்திருந்தால், நூறு நாள் வேலையை மூன்று உலைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே, கணக்கெடுக்க வருபவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், எங்கள் மக்கள் அட்டையை எடுத்து வந்து நீட்டுவார்கள், அல்லது அட்டையில் உள்ளதை ஒப்பிப்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து அங்கேயே உண்டு உறங்கும் மகனும் அதில் இருப்பான். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவரை இங்கே சேர்க்கக் கூடாது என்று சொன்னால், "அப்ப எம் பிள்ளை எனக்குப் பிள்ளை இல்லையா?" என்று தாய் கேட்பார். நானே இரண்டு முறையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறேன். தகப்பனார் மூத்தவன் வீட்டிலும் தாயார் இளையவன் வீட்டிலும் மாதம் மாறி மாறிச் சாப்பிடும் வீடுகளும் உண்டு. அந்த முதியவர்களை எந்த உலையில் சேர்ப்பது என்பதை மகன்களிடம் கேட்காமல் அவர்களிடமே கேட்பது நல்லது.

2027 பிப்ரவரியில் ஆள்கணக்கு எடுக்கச் செல்பவர்களுக்கான பயிற்சியில் இரண்டு விஷயங்களைச் சேர்க்குமாறு உரியவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கிராமங்களில் "எத்தனை குடும்பம்?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை உலை?" என்று கேட்கச் சொல்லுங்கள், கொல்லையையும் கொட்டகையையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே சொல்லும் விவரம் 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி இரகசியமானது, அதைக் கொண்டு யாருடைய அட்டையிலும் கை வைக்க முடியாது என்பதை, படிவத்தைத் திறப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2001-இல் அந்த மூத்தவரிடம் நான் இதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.