இன்னும் சர்வர்தானான்னு கேட்டியே மச்சி

மச்சி,

உன் மெசேஜ் போன வாரமே பார்த்தேன், லேட்டா பதில் போடறேன்னு கோச்சுக்காத. திருப்பூர்ல சொந்தமா ரெண்டு மிஷின் போட்டுட்டன்னு படிச்சதும் வீட்ல அவகிட்டயும் காட்டுனேன், பாப்பா பன்னண்டாவது போறான்றத நம்பவே மாட்டேன்றா.

கடைசில ஒரு வரி எழுதியிருந்த, 'இன்னும் அதே ஓட்டல்ல சர்வர்தானாடா'ன்னு. அக்கறைலதான் கேட்டன்னு தெரியும். ஆனா அதுக்கு பதில் சொல்லாம தூக்கம் வரல, அதான் ஷட்டர் எறக்கிட்டு வந்து இந்த நேரத்துல டைப் பண்றேன்.

ஆமாண்டா, அதே திருவொற்றியூர் டி.எச். ரோடு, அதே சர்வர். ஒரு காலத்துல எனக்கே கூச்சமாதான் இருந்துச்சு. நம்மகூட படிச்சவன் ஒருத்தன் குடும்பத்தோட வந்தப்போ அவன் கை கழுவிட்டு போற வரைக்கும் கிரைண்டர் பக்கத்துலயே நின்னேன். இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு, என் கையால ஒரு நெய் ரோஸ்ட் வச்சு அவன நல்லா விசாரிச்சிருக்கலாம்.

இந்த வேலைய வெளிய இருந்து பார்த்தா தெரியாது மச்சி. காலைல டோல்கேட் மெட்ரோக்கு ஓடறவங்கள தோசை சொல்ல விடக்கூடாது, இட்லி பொங்கல்தான் ஒடனே வரும், அத அவங்க மனசு கோணாம சொல்லணும். ஏழு பேர் உக்காந்து ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஒருத்தருக்கு முறுகலா, ஒருத்தருக்கு வெங்காயம் கூடாது, பெரியவருக்கு சக்கரை இல்லாத காபி, பேப்பர் பேனா கெடையாது எல்லாம் மண்டைலதான், மாஸ்டர்கிட்ட ஒரே மூச்சுல சொல்லிட்டு வந்து, யாருக்கு எதுன்னு கேக்காம கரெக்டா அவங்கவங்க முன்னாடி வைக்கணும். கேட்டு வச்சா அன்னைக்கு நான் தோத்தேன்.

2021ல கடைல வேலை செய்றவங்களுக்கு உக்கார சீட்டு குடுக்கணும்னு நம்ம சட்டசபைல சட்டம் கொண்டு வந்தாங்கல்ல, அத பேப்பர்ல படிச்சுட்டு எங்க முதலாளியும் ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். மொத நாள் உக்காரவே தோணல, அவ்ளோ வருஷம் நின்ன காலு. இப்ப மூணு மணிக்கு உக்காருவோம்.

உனக்கு சொல்ல நெனச்சதே வேற. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், லாஞ்சு, அதான் விசைப்படகு எல்லாம் காசிமேட்டுல கட்டிதான் கெடக்கும். போட்டுக்கு போற ஆளுங்க, வழக்கமா நாலு இட்லி வடகறின்னு கேக்கறவங்க, அந்த ரெண்டு மாசம் வெறும் டீ சொல்லிட்டு உக்காருவாங்க. கைல துட்டு இருக்காது. அவங்ககிட்ட போய் 'வேற என்னண்ணா'ன்னு கேக்கக்கூடாது மச்சி, அந்த ஒரு வார்த்தை போதும் மனுஷன் எழுந்து போயிடுவார். ரெண்டு இட்லி சொன்னா கூட சாம்பார் பக்கெட்ட நானா ரெண்டு வாட்டி எடுத்துட்டு போவேன். டேபிள ஈரத்துணியால தொடச்சு கெளப்ப மாட்டேன். இதெல்லாம் யாரும் சொல்லிக்குடுக்கல, நின்னு பார்த்து பார்த்து வந்தது.

போன வாரம் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்கு போய் வந்தவங்க அஞ்சு பேர் மொத்தமா வந்தாங்க. என் டேபிள்ல வேற ஆளு சாப்ட்டுட்டு இருந்தாங்க, பக்கத்துல ரெண்டு டேபிள் காலி. முதலாளி கல்லாவுலருந்து அங்க உக்காருங்கன்றார், 'இல்ல, அண்ணன் டேபிள் காலியாவட்டும்'னுட்டு அஞ்சு பேரும் செவுத்தோரமா நின்னாங்கடா, பத்து நிமிஷம். எனக்கு கை நடுங்கிடுச்சு, சட்னிய கொஞ்சம் கீழ ஊத்திட்டேன்.

ஆடில வர்றேன்னு சொன்னல்ல, காலைல பத்து மணிக்கு மேல வா, கூட்டம் கொறஞ்சிருக்கும். பாப்பாவுக்கு வடகறி புடிக்குமான்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு, எடுத்து வைக்கறேன்.